மெதுவாகப் பாடிய ஸ்பானிஷ்காரன்

இந்த ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருமுனையில் கறுப்புத் துணியில் ஒரு சின்னக் கொடி கட்டிவிடுவார்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கொடியைப் பார்த்துத் திரும்பினால் போதும். வந்த புதிதில் நான் அதைக் கட்சிக்காரர்களின் கண்டனக் கொடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் வாரத்துக்கு நாலு ஊர்வலம் போகும், எந்தக் கொடி எதற்கு என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் டீக்கடையில், "இன்னைக்கு எந்தக் கட்சி சமரம்?" என்று கேட்டுவைத்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மரணமாணு" என்று மட்டும் சொல்லி டீயை ஆற்றினார். நம் பக்கத்தில் என்றால் கொட்டும் சங்கும் ஒப்பாரியும் பத்துத் தெருவுக்குக் கேட்கும். இங்கே வேட்டி கட்டிய ஆண்கள் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசிவிட்டு எழுந்து போகிறார்கள். பரவாயில்லை, சத்தமில்லாத ஊர் என்று அப்போது மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

புலம்பெயர்ந்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். கடல் தாண்டவில்லை, விமானம் ஏறவில்லை. சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, செங்கோட்டை தாண்டி, மலை ஏறி இறங்கினால் அரைநாளில் வந்துவிடுகிற ஊர். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் பஸ் போர்டை வாசிக்க முடியாமல் போகிறது பாருங்கள், அங்கேயே நாம் பாதி ஆளாகிவிடுகிறோம். தொண்ணூறுகளின் நடுவில் வந்தேன். கிழக்கேகோட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த ரெக்கார்டிங் சென்டரில் வேலை. வாடிக்கையாளர் துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார். தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் அவற்றை ஏற்றி, அட்டையில் பாட்டின் முதல் வரியை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு டெக் பாடும், இன்னொரு டெக் பதியும், நடுவில் நான். முதலாளி மலையாளி, தங்கமான மனிதர். இருபத்தாறு வயதிலேயே என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். இந்த ஊரில் தமிழன் என்றால் பிறக்கும்போதே அண்ணாச்சி.

கல்யாணமாகிச் செண்பகம் வந்தாள். மணக்காட்டில் ஒரு நீள வரிசை வீட்டில் ஒற்றை அறை. அவளுக்கு ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளும் வேலை. அம்மா இல்லாத பெண் என்பதால் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போகவில்லை. பிள்ளை இங்கேயே அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண் பிள்ளை. எட்டாம் மாதம் காய்ச்சல் வந்தது. மூன்று நாள். நாலாம் நாள் காலையில் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு மலையாளத்தில் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. "சரி சார்" என்றேன். கடையில் யாராவது பாட்டுச் சீட்டைக் கொடுத்தால் எப்படிச் சொல்வேனோ அப்படித்தான் சொன்னேன்.

சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை. நகராட்சி மயானத்தில் அவர்களுக்கென்று ஒதுக்கிய ஓரத்தில் அன்றைக்கே புதைத்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எல்லாம் செய்தார்கள். எங்கள் தெருமுனையிலும் ஒரு கறுப்புக் கொடி கட்டினார்கள். என் மைத்துனர், செண்பகத்தின் அண்ணன், ஊரிலிருந்து வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் மயானத்தைப் பார்க்கவே இல்லை. அறைக்குள் வந்தவர் தங்கையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அவள் அழவில்லை. நானும் அழவில்லை. மறுநாள் கிளம்பும்போது அவர் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னார்: "மாப்ள, மலையாளத்துக்கு வந்து ரெண்டு பேரும் கல்லாப் போயிட்டீகளே." திட்டவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். நான் அதற்கும் சரி என்றேன்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போவோம். ஒவ்வொரு வருஷமும் அவர் அதையேதான் கேட்பார்: "அங்க என்ன கெடக்குன்னு ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு கெடக்கீக? பேசாம இங்க வந்துருங்க." வீட்டில் பாதி சும்மா கிடக்கிறது, ஜவுளிக்கடையில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது, நல்ல மனதோடு சொல்கிறார். நான் செண்பகத்தைப் பார்ப்பேன், அவள் தரையைப் பார்ப்பாள். வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே கிடையாது. பிள்ளையைப் பற்றி வாயைத் திறந்தால்தானே இதைப் பேச முடியும்? அந்தப் பெயரை இரண்டு பேரும் உச்சரித்து வருஷங்கள் ஆகியிருந்தன. சாப்பிட்டியா, தண்ணி வந்துதா, பஸ் கிடைச்சுதா. இதுதான் எங்கள் குடும்பப் பேச்சு. சண்டை கூட இல்லை. சண்டைக்காவது ஒரு உயிர்ப்பு வேண்டும்.

இனி அந்தப் பாட்டுக்காரர்களைச் சொல்ல வேண்டும். எங்கள் கடைக்குச் சசி என்று ஒரு கப்பல்காரர் வருவார். சரக்குக் கப்பலில் சமையல் வேலை. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் முதலில் கேசட் கடைக்குப் போகிற ஆள். பிள்ளை போய் நான் வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் அவர் இரண்டு கேசட்டுகளோடு வந்தார். தென் அமெரிக்காவில் எங்கோ வாங்கியது, ஸ்பானிஷ் மொழி, ராக் பாட்டு. உப்புக்காற்றில் கேசட் கெட்டுப்போகும், ஒரு காப்பி எடுத்து வை என்றார். அட்டையில் ஒரு டயர் கடைக்கு முன்னால் நாலு பையன்கள் நிற்கிற படம். ஒருத்தன் கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. அரிதான சரக்கு வந்தால் கடைக்கென்று ஒரு மாஸ்டர் காப்பி எடுத்துக்கொள்வது எங்கள் தொழில் வழக்கம், சசிக்கும் அது தெரியும். முதல் கேசட்டை ஏ பக்கத்திலும் இரண்டாவதை பி பக்கத்திலும் பதிந்துவைத்தேன். அசலை வாங்கிக்கொண்டு அவர் கப்பலேறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மாஸ்டரைச் சரிபார்ப்பதற்காகக் கேட்டேன். முதல் பாட்டு ஒரு இருமலோடு தொடங்குகிறது. யாரோ தொண்டையைச் செருமுகிறான், குச்சியைத் தட்டி எண்ணுகிறான், பிறகு ஒரே ஒரு கிட்டார். நாற்பது வயலின் ஒன்றாக எழுந்து நின்று வணக்கம் சொல்கிற நம் சினிமாப் பாட்டில் வளர்ந்த காது இது. இந்தப் பையன்களிடம் இருப்பதே நாலு சாமான்தான், அதிலும் ஒரு கிட்டார் சுருதி சேரவில்லை. பாடுகிறவன் கனத்த குரலில், அவசரமே இல்லாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகிறான். குழையவில்லை, கெஞ்சவில்லை. மூன்றாவது பாட்டில் டிரம் அடிக்கிறவன் ஒரு இடத்தில் அரைத் தாளம் பிந்திவிடுவான். மற்ற மூன்று பேரும் அவனை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள், நின்று, அவன் வந்ததும் சேர்ந்து போவார்கள். நல்ல ஸ்டூடியோவாக இருந்திருந்தால் அதைத் திரும்பப் பாடவைத்திருப்பார்கள். இவர்களுக்கு அதற்கு வசதி இல்லையோ என்னவோ, அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த இடத்தை அன்றைக்கு நான் நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

வேறு எந்தப் பாட்டையும் அப்போது என்னால் கேட்க முடியவில்லை. வேலை என்பதால் காதில் விழும், அவ்வளவுதான். தமிழ்ப் பாட்டில் எப்படியும் ஒரு கண்ணே, ஒரு தாலாட்டு வந்து மாட்டும். மலையாளப் பாட்டு பக்கத்து வீட்டிலிருந்து வரும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு வசந்தா சேச்சி பாடியவை அவை. ஸ்பானிஷில் எங்களுக்கு யாருமில்லை. அந்த மொழியில் நாங்கள் யாரையும் வளர்க்கவில்லை, யாரையும் இழக்கவில்லை. ஒரு காப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சின்ன டேப்பில் போட்டேன். செண்பகம் வேலையிலிருந்து வந்து, மிளகாய்க் கையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த வேலையில் ஒரு வசதி, கண் கலங்கினால் மிளகாய் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவளுக்கு அந்த வசதியும் தேவைப்படவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏ பக்கம் முடிந்ததும், "அந்தப் பக்கம் இருக்கா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் வழக்கமாயிற்று. நான் கடையிலிருந்து வந்ததும் விளக்கேற்றுகிற நேரத்துக்கு ஒரு பக்கம், சாப்பிட்டதும் ஒரு பக்கம். ஆறு வருஷம். இரண்டு பேரும் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்க அது ஒரு காரணமாக இருந்தது. இரண்டாவது கேசட்டில் ஒரு டிரம்பெட் சேர்ந்திருக்கும். வாசிக்கிறவன் புதியவன் போல, மூச்சு வாங்கும் சத்தம் கூடக் கேட்கும். செண்பகம் அவனைப் பற்றி மட்டும் எப்போதாவது பேசுவாள்: "இவனுக்கு நெஞ்சுல சளி இருக்கு." வேறு விமர்சனம் கிடையாது. நடுவில் சசி வந்து அதே குழுவின் புதிய கேசட்டுகளைத் தந்தார். பெரிய கம்பெனி, வயலின்கள், பின்னணியில் பெண்கள் கோரஸ். சுருதி கச்சிதம், டிரம் ஒரு இடத்தில் கூடப் பிந்தவில்லை. எனக்கு ஒட்டவே இல்லை. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள். முதல் இரண்டும்தான் அவர்கள், மற்றதெல்லாம் வியாபாரம் என்று சசியிடம் அடித்துச் சொன்னேன். கடைக்கு வரும் கல்லூரிப் பையன்கள் ஏழெட்டுப் பேருக்கு அந்த மாஸ்டரிலிருந்து காப்பி போட்டுக் கொடுத்து என் கட்சிக்கு ஆள் கூடச் சேர்த்தேன்.

இந்த வருஷம் பொங்கலுக்கு மைத்துனர் சும்மா விடவில்லை. சும்மா கிடக்கிற பாதி வீட்டை வாடகைக்குக் கேட்கிறார்கள், சித்திரைக்குள் நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா, ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார். மாசி பிறந்தால் போன் போட்டுச் சொல்கிறோம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தும் நாங்கள் பேசவில்லை. தை முடியப் போகிறது. போவோம் என்று சொன்னால் செண்பகம் பெட்டியைக் கட்டிவிடுவாள், போகவேண்டாம் என்று சொன்னால் இருந்துவிடுவாள், ஆனால் அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரியவே போவதில்லை. இதுதான் பயம்.

அந்த வாரத்தில்தான் சசி மறுபடி வந்தார். இப்போது கடையில் சி.டி. பிளேயர் வந்துவிட்டது. "அண்ணாச்சி, உன் ஆளுகளுடே ஆதியத்தெ பாட்டு" என்று ஒரு சி.டி.யை நீட்டினார். முதல் இரண்டு கேசட்டையும் சேர்த்து ஒரே தட்டாக வெளியிட்டிருக்கிறார்கள். அதே டயர் கடை, அதே நாலு பேர். போட்டேன். இருமல் வந்தது, ஆனால் அது ஒரு சின்னப் பையனின் இருமல். குச்சி படபடவென்று எண்ணியது. பாட்டு துள்ளிக்கொண்டு ஓடியது. பாடினவனுக்கு இருபது வயதுகூட இருக்காது, மீசை முளைக்காத குரல், சிரித்துக்கொண்டே பாடுகிறான்.

"இது வேற ஆளு," என்றேன். "யாரோ காப்பியடிச்சுப் பாடியிருக்கான். ஏமாந்துட்டீங்க."

"எந்தா இது? அவரு தன்னே. ஞான் அந்நு தந்ந கேசட்டும் இதே போலெயல்லே?" அன்றைக்குத் தந்த கேசட்டும் இதே மாதிரிதானே என்கிறார்.

நான் விடவில்லை. மாஸ்டரை எடுத்து டெக்கில் போட்டேன். அந்தக் கனத்த குரல் நிதானமாக எழுந்தது. சசி அரை நிமிஷம் கேட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளி எட்டிப் பார்த்து, "பாட்டு உறங்ஙுந்நு" என்றார். பாட்டு தூங்குகிறதாம்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளை போய் வேலைக்குத் திரும்பிய அந்த வாரத்தில் பத்துப் பன்னிரண்டு கேசட்டுகள் இதே புகாரோடு திரும்பி வந்தன. பாடுகிற டெக்கில் ரப்பர் பெல்ட் தளர்ந்து, மெதுவாகச் சுற்றியிருக்கிறது, பதிந்ததெல்லாம் இழுத்து, குரல் கனத்துவிட்டது. டெக்கை ஓட்டினவனுக்கு அது காதில் விழவில்லை. பெல்ட்டை மாற்றி, திரும்பி வந்த அத்தனையையும் மறுபடி பதிந்து கொடுத்தேன். ஸ்பானிஷ் கேசட் மட்டும் திரும்பி வரவில்லை. அதன் சரியான வேகம் இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? தெரிந்த ஒரே ஆள் கடலில் இருந்தார். முதலாளி மிச்சச் சிரிப்பையும் சிரித்துவிட்டுப் போனார். இந்த ஊரில் ஏழெட்டுக் கல்லூரிப் பையன்கள் இன்னமும் அந்தத் தூங்குமூஞ்சி வேகத்தில்தான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சி.டி.யிலிருந்து சரியான வேகத்தில் ஒரு கேசட் பதிந்துகொண்டேன். ஆனால் நாலு நாள் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. வெட்கம் ஒரு பக்கம். மற்றது, எங்களுக்குள் மிச்சமிருந்தது அந்த ஒரு பாட்டுக்காரன்தான். அவனும் பொய் என்று போய்ச் சொன்னால், அப்புறம் அந்த அறையில் என்ன இருக்கும்? பேசாமல் பழைய கேசட்டையே ஓட்டிவிடலாம் என்றும் நினைத்தேன். நாலாம் நாளும் வழக்கம்போல வீட்டில் பழைய கேசட் ஓடியது, மூன்றாவது பாட்டு வந்தது. அந்த இடத்தில் டிரம்காரன் பிந்தினான், மற்றவர்கள் நின்றார்கள். சி.டி.யில் அந்த இடம் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடுகிறது. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மறுநாள் புதிய கேசட்டோடு போனேன்.

ஒன்றும் சொல்லாமல்தான் போட்டேன். செண்பகம் கையைத் துடைத்துக்கொண்டே வந்து டேப்பைப் பார்த்தாள். "யாரு இது?"

"அவனுகதான். இதான் சரியான பாட்டு." டெக், பெல்ட், அந்த வாரம், எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வருஷத்தில் பிள்ளை போனதைச் சுட்டி நான் சொன்ன முதல் வார்த்தை அந்த வாரம் என்பதுதான்.

அவள் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள். டிரம்பெட்காரன் முறை வந்தபோது அவனுக்குச் சளியும் இல்லை, ஒன்றும் இல்லை, குதிரைக்குட்டி மாதிரி ஊதினான். செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பாவம்ங்க. விளையாட்டுப் பய. அவனப் பிடிச்சு வச்சு ஆறு வருஷமா நமக்காக அழ வச்சிருக்கோமே."

சிரிப்பு நிற்கவில்லை. நிற்காமலே அது வேறாக மாறியது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள், சத்தம் வசந்தா சேச்சி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கண்ணீர் வரவில்லை என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். நெஞ்சுக்குள் எங்கோ வலித்தது. வலிக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. பாட்டு எங்களைக் கண்டுகொள்ளாமல் துள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொன்னாள்: "இசக்கி இருந்திருந்தா இதுக்கு ஆடிருப்பா. மலையாளத்துலதான் நம்மள ஏசுவா. தமிழ் அவளுக்கு எங்க வரப்போகுது."

மாசி முதல் தேதி சாயங்காலம் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போனோம். வழக்கமாக நான்தான் பேசுவேன். அன்று செண்பகம் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக் கூண்டின் கதவு சரியாகச் சாத்தாது. பூத்துக்காரப் பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள், வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத புதுப் பெண்.

"அண்ணே, வீட்ட வாடகைக்கு விட்டுருங்க. நாங்க வரல."

அங்கிருந்து அண்ணனின் குரல் எனக்கும் கேட்டது. "ஏன் தாயி? அங்க அப்படி என்னதான் இருக்கு?"

"பிள்ள இங்கதான இருக்கா. விட்டுட்டு எப்படி வர?"

உண்மையாகவே புரியாமல், நல்ல மனதோடு, அவர் கேட்டார்: "எந்தப் பிள்ள?"

செண்பகம் கோபித்துக்கொள்ளவில்லை. "மதினிய கேட்டதாச் சொல்லுங்க" என்று ரிசீவரை மெதுவாக வைத்தாள். கூண்டை விட்டு வெளியே வந்தோம். பூத்துக்காரப் பெண் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பாதிப் பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், அதிலும் பாதிதான் புரிந்திருக்கும்.

"மோளுக்கு எத்ர வயசாயி சேச்சி?"

மகளுக்கு என்ன வயது என்று கேட்கிறாள். நான் குறுக்கே புகுந்து ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். செண்பகம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். எங்கள் பிள்ளை பிறந்த ஆனி மாதத்துக்கு இங்கே மிதுனம் என்று பெயர். நம் ஊர்க்காரர்கள் எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் பிள்ளைகளின் பிறந்த மாதத்தை மட்டும் நம் கணக்கில்தான் சொல்வார்கள்.

"ஆறு," என்றாள் செண்பகம். "மிதுனத்தில் ஏழாகும்."